கல்லுக்குள் பழம்: உடைக்காமல் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் தாவரவியல் ஆசிரியராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துப் பள்ளிகளில் கல்லாகிப் போன பழங்களைப் பற்றியும், அவற்றை உடைக்காமல் எக்ஸ்ரே ஸ்கேனில் பார்ப்பது பற்றியும் பேசுவது வழக்கம். எங்கே போனாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன, பிள்ளைகளைவிடக் கூட்டிக்கொண்டு வரும் பெரியவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, என் பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

இன்னா சார், கல்லுக்குள்ள பழம் கீதுன்றீங்க, பழம்னா ரெண்டு நாள்ல அழுகிடாதா?

அழுகத்தான் செய்யும். லட்சம் பழம் விழுந்தால் ஒன்று தப்புவதே பெரிய விஷயம். தப்பிக்க வேண்டுமானால் சீக்கிரம் மூடப்பட வேண்டும், காற்று படக் கூடாது, அப்புறம் சுற்றியிருக்கும் தண்ணீரில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற அதே பொருள், நிறையக் கரைந்திருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஊறிப் போய், உள்ளே சிலிக்கா படிந்து இறுகிவிடும். செல்சுவர் இருந்த இடம், விதை இருந்த இடம், விதைக்குள் கரு இருந்த இடம்கூட அப்படியே நிற்கும்.

இந்தியாவில் இதற்குப் பெயர் போன இடம் தக்காண எரிமலைப் பாறைகளின் நடுவில் இருக்கிறது. சுமார் 6 கோடியே 60 லட்சம் வருடத்துக்கு முன்னால் எரிமலைக் குழம்பு ஒரு தடவை ஓடி, நின்று, மறுபடி ஓடியது. நின்றிருந்த இடைவெளிகளில் ஏரி, குளம், காடு எல்லாம் உண்டாகி, அடுத்த குழம்பு வந்து மூடியது. எரிமலைப் பாறையில் சிலிக்காவுக்குப் பஞ்சமே இல்லை. மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா மாவட்டத்து மோகாவ்கலான் அந்த மாதிரி ஓர் ஊர். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப் போகும் இந்தியப் பழங்கள் எல்லாம் இந்த அடுக்குகளிலிருந்து வந்தவைதான்.

இந்த மாதிரி கல் நம்ம வேலூர்ல கிடைக்குமா? மலையெல்லாம் ரொம்பப் பழசுன்னு சொல்றீங்களே.

பழசு என்பதுதான் பிரச்சினையே. கோட்டையிலிருந்து எதிரே பார்க்கிற மலைகள், ஜவ்வாது மலை, பாலாற்றங்கரைக் குன்றுகள் எல்லாம் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகள், வயது சுமார் 250 கோடி வருடம். நிலத்தில் செடி முளைக்க ஆரம்பித்தே 47 கோடி வருடம்தான் ஆகிறது, பூக்கும் செடிகள் இன்னும் பிந்தி, சுமார் 13 கோடி வருடம். அதோடு இந்தப் பாறைகள் பூமிக்கு அடியில் கடும் வெப்பத்தில் வெந்து உருமாறியவை. அதில் பழத்தைத் தேடுவது வீண்.

கொஞ்சம் தள்ளிப் போனால் கதை வேறு. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் சுமார் 2 கோடி வருடத்துக் கல்மரங்கள் படுத்துக் கிடக்கின்றன, பிள்ளைகளை ஒரு தடவையாவது கூட்டிப் போங்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் படிவுகளில் டைனோசர் காலத்து இலைப் பதிவுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலும் மரமும் இலையும்தான், பழத்துக்குத் தக்காணத்துக்குத்தான் போக வேண்டும்.

பையம்பள்ளியில கிடைச்ச தானியமும் இதே கதைதானா?

இல்லை. திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. அது புதிய கற்கால மனிதர்கள் சாப்பிட்டது, சில ஆயிரம் வருடம்தான் ஆகிறது, கல்லாகவில்லை, கரியாகி நின்றது. அந்தச் செடிகளும் அழியவில்லை, நாம் இன்றைக்கும் ரசம் வைக்கிற அதே கொள்ளுதான். ஆனால் ஓர் ஒற்றுமை உண்டு: கருகிய விதையையும் இப்போது இதே ஸ்கேன் முறையில் உடைக்காமல் பார்க்கிறார்கள்.

இலை இருக்கு, மரம் இருக்கு, எதுக்கு சார் பழத்தையே புடிச்சிக்கிட்டு இருக்காங்க?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இலை ஏமாற்றும். வறண்ட இடத்தில் வளரும் செடிகள், எந்தக் குடும்பமானாலும், சின்ன இலை தடித்த இலை என்று ஒன்று போலவே ஆகிவிடும். பழத்தின் உள்கட்டு அவ்வளவு சீக்கிரம் மாறாது. எத்தனை அறை, அறைக்கு எத்தனை விதை, விதை எங்கே ஒட்டியிருக்கிறது, கொட்டை எந்தப் பக்கம் திறக்கிறது, கரு எந்த முனையில் இருக்கிறது, இவை கோடிக்கணக்கான வருடம் குடும்ப வழக்கம் போல வந்துகொண்டே இருக்கும்.

நம் ஊர்ச் சாமானையே எடுத்துக்கொள்வோம். நுங்கு சீவும்போது மூன்று கண் தெரியும், பழுத்தால் மூன்றும் தனித்தனிக் கொட்டை. தேங்காய்க்கும் மூன்று கண் உண்டு, ஆனால் ஓட்டுக்குள்ளே பருப்பு ஒன்றே ஒன்று. தேங்காயின் கண் காம்புப் பக்கம் இருக்கும், பனங்கொட்டையில் கரு இருப்பது காம்புக்கு எதிர்முனையில். இரண்டும் பனைக் குடும்பம்தான், ஆனாலும் மரத்தைக் கண்ணால் பார்க்காதவர்கூடக் கொட்டையைப் பார்த்து இது வேறு அது வேறு என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று திராட்சை. கொட்டையைத் துப்பிவிடாமல் கழுவி உற்றுப் பாருங்கள். வயிற்றுப் பக்கம் இரண்டு பள்ளம் இருக்கும், முதுகுப் பக்கம் ஒரு முட்டை வடிவ வடு. வேலியில் படர்கிற பிரண்டையும் திராட்சைக் குடும்பம்தான், அதன் விதையிலும் இந்த அமைப்பின் சாயலைக் காணலாம். இப்படி ஒரு அடையாளம் கல்லுக்குள் கிடைத்தால் குடும்பத்தின் பெயரையே தைரியமாக எழுதலாம்.

ஸ்கேன்னா சிஎம்சியில எடுக்கிறாங்களே, அந்த சிடி ஸ்கேன் தானே?

வேலூரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அடிப்படை ஒன்றேதான். பல கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து, அவற்றைக் கணக்குப் போட்டு உள்ளே இருப்பதைத் துண்டு துண்டாகக் காட்டுவது. அதைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

வித்தியாசம் என்னவென்றால், ஆஸ்பத்திரியில் ஆள் படுத்திருப்பார், எக்ஸ்ரே குழாய் சுற்றும். ஆளுக்குக் கதிர்வீச்சு அதிகம் போகக் கூடாது என்பதால் சில விநாடிகளில் முடித்துவிடுவார்கள், அரை மில்லிமீட்டர் அளவுக்கு விவரம் தெரியும், நோயைப் பார்க்க அது போதும். கல்லுக்கு எடுப்பது மைக்ரோ சிடி, அதில் குழாய் அசையாது, கல்தான் ஒரு சின்ன மேடையில் மெல்லச் சுற்றும். கல்லுக்கு என்ன ஆகப் போகிறது, மணிக்கணக்கில் எடுக்கலாம். சில மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்) வரைக்கும் விவரம் கிடைக்கும், நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான்தான்.

கல்லின் அளவைப் பொறுத்துத்தான் விவரம். கண்டறியும் தகட்டில் குறுக்காக 2000 புள்ளி இருக்கிறது, கல் 4 சென்டிமீட்டர் அகலம் என்றால், ஒரு புள்ளிக்கு 20 மைக்ரான். கல் 4 மில்லிமீட்டர்தான் என்றால் 2 மைக்ரான். அதனால் பெரிய பழத்தைவிடக் கடுகு அளவு விதையில்தான் செல் வரிசை வரைக்கும் தெரிகிறது.

ஸ்கேன் இல்லாத காலத்துல எப்படிக் கண்டுபுடிச்சாங்க?

அறுத்துத்தான். வைரம் பதித்த வாளால் கல்லை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் வரைக்கும் தேய்ப்பார்கள். இல்லாவிட்டால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் மேற்பரப்பை அரித்து, செல்லுலோஸ் தாளை ஒட்டி உரித்தெடுப்பார்கள். இந்தியத் தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி இப்படித்தான் வேலை செய்தார். மோகாவ்கலானில் கிடைத்த ஒரு பழத்துக்கு எனிக்மோகார்ப்பான், அதாவது புதிர்ப் பழம் என்று பெயர் வைத்து, 1943இல் விரிவாக எழுதினார். அதை மருதாணி, மாதுளை, பூமருது இருக்கிற லித்ரேசி குடும்பத்தோடு சேர்த்தார். லக்னோவில் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு நேரு 1949 ஏப்ரல் 3 அன்று அடிக்கல் நாட்டினார், ஒரே வாரத்தில் சாஹ்னி இறந்துபோனார். அவருடைய பெயரில் அந்த நிறுவனம் இன்றும் நடக்கிறது.

அறுப்பதில் இரண்டு கஷ்டம். வாள் போகிற பாதையில் இருக்கும் கல் தூளாகிவிடும், அது திரும்பி வராது. அப்புறம், எந்தக் கோணத்தில் அறுத்தோமோ அந்தக் கோணம் மட்டும்தான் தெரியும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் நட்சத்திரம், நெடுக்கே வெட்டினால் விதை வரிசை, சாய்த்து வெட்டினால் இரண்டுமில்லாத ஒன்று. ஒரே ஒரு பழம்தான் கைவசம் இருக்கிறது, அது சாய்வாக வெட்டுப்பட்டுவிட்டது என்றால் அதைப் பார்த்து எவ்வளவு தப்பாக எழுதலாம் என்று யோசியுங்கள். ஸ்கேனில் ஒரே கல்லை எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம், கல் முழுசாகவே இருக்கும்.

ஸ்கேன் எடுத்தா கம்ப்யூட்டரே பேர் சொல்லிடுமா?

சொல்லாது. ஸ்கேன் தருவது சாம்பல் நிறப் படங்கள், ஆயிரம் இரண்டாயிரம் படங்கள். எது பழத்தோல், எது விதையுறை, எது வெறும் கல் என்று பார்த்துப் பார்த்து வண்ணம் பிரிக்க வேண்டும், ஒரு பழத்துக்கே பல நாள் பிடிக்கும். இதற்கு இலவச மென்பொருள்கள்கூட இருக்கின்றன. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அஜய் லிமாயே உருவாக்கிய ஒன்றுக்குப் பெயரே திருஷ்டி, பார்வை என்ற பொருளில்.

அதற்குப் பிறகுதான் நிஜமான வேலை. இன்றைக்கு உயிரோடு இருக்கிற செடிகளின் பழங்களையும் அதே மாதிரி ஸ்கேன் எடுத்து, பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். உலர்தாவரச் சேகரிப்பில் பூவும் இலையும் ஏராளமாக இருக்கும், நன்றாக முற்றிய பழம் குறைவாகத்தான் இருக்கும். ஒப்பிடப் பழம் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல ஸ்கேனும் ஊமைதான். அதனால்தான் புதைபடிவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளிடம் முதலில் உங்கள் ஊர்ப் பழங்களை அறுத்துப் பாருங்கள் என்கிறேன். ஜவ்வாது மலைக் கடுக்காய், நெல்லி, சீத்தாப்பழம், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் எல்லாவற்றையும் குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று வெட்டி வரையட்டும்.

சரி, இவ்ளோ செஞ்சு உருப்படியா என்ன தெரிஞ்சுது?

நிறையத் தெரிந்தது. மூன்று மட்டும் சொல்கிறேன்.

விராகார்ப்பான் என்று ஒரு கதிர், அதில் சின்னச் சின்னப் பழங்கள் ஒட்டியிருக்கும். நூறு வருடத்துக்கு மேலாக ஆட்கள் சேகரித்து, அறுத்து, ஆளுக்கு ஒன்று எழுதியிருந்தார்கள். நான்கு இனங்கள் என்று கணக்கு. கெல்லி மாட்சுனாகாவும் அவருடைய குழுவும் மைக்ரோ சிடியில் பார்த்து 2018இல் வெளியிட்டபோது இரண்டு இனம்தான் நின்றது, மற்ற இரண்டும் அவற்றுக்கே வைத்த மறுபெயர்கள். அதைவிடப் பெரிய விஷயம், மெக்சிகோவில் கிடைத்து வேறு பெயரில் இருந்த ஒரு கதிரும் இதே பேரினம், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த அதே தொகுதி, என்று தெரிந்தது. இந்தியா அப்போது கடலுக்கு நடுவில் தனித் தீவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. மெக்சிகோ எங்கே, சிந்த்வாரா எங்கே? இன்றைக்கு இருக்கிற எந்தச் செடியோடும் அது முழுசாகப் பொருந்தவில்லை. எனக்கு இந்தப் பழத்தின் மேல் தனிப் பிரியம்.

இரண்டாவது, பனை. ஹைஃபேனியோகார்ப்பான் என்ற பனம்பழத்தை அதே மாட்சுனாகா குழு மைக்ரோ சிடியில் மறுபடி ஆராய்ந்து 2019இல் எழுதியது. அது நம் பனைமரம் சேர்ந்திருக்கிற பிரிவுக்குள் வருகிறது என்றும், அந்தப் பிரிவே டைனோசர்கள் இருந்த காலத்தில் தோன்றிவிட்டது என்றும் சொன்னார்கள். ஆற்காட்டு ரோட்டோரம் நுங்கு விற்கிறார்களே, அந்த மரத்தின் பங்காளி அப்போதே இந்த நிலத்தில் காய்த்திருக்கிறது. பங்காளி என்றுதான் சொல்கிறேன், நம் பனைக்கு நேர்ப் பாட்டன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

மூன்றாவது, இண்டோவிடிஸ். மேலே சொன்ன இரண்டு பள்ளமும் முதுகு வடுவும் இருக்கிற திராட்சைக் குடும்ப விதை, 2013இல் வெளியானது. அந்தக் குடும்பத்தின் மிகப் பழைய பழம் நம் தக்காணத்தில்தான் கிடைத்திருக்கிறது. ஷ்யா சித்தலே என்ற இந்தியத் தொல்தாவரவியலாளரின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

அழிஞ்சு போச்சுன்னு எப்படி அடிச்சு சொல்றீங்க? ஜவ்வாது மலையில எங்கயாவது ஒளிஞ்சிருக்கலாம்ல?

நியாயமான சந்தேகம். நடந்தும் இருக்கிறது. மெட்டாசெக்கோயா என்ற ஊசியிலை மரத்துக்கு ஜப்பானிய அறிஞர் ஷிகேரு மிகி 1941இல் புதைபடிவத்தை மட்டும் வைத்துப் பெயர் கொடுத்தார். சில வருடத்திலேயே சீனாவில் ஒரு பள்ளத்தாக்கில் அது உயிரோடு நிற்பது தெரிந்தது. இன்றைக்கு உலகம் முழுக்கப் பூங்காக்களில் நடுகிறார்கள்.

அதனால் அழிந்தது என்பது இதுவரை உயிரோடு யாரும் பார்க்காதது என்றுதான் பொருள். ஆனால் 6 கோடி வருடம் என்பது மிக மிக நீளம். ஓர் இனம் அப்படியே மாறாமல் அவ்வளவு காலம் நிற்பது ஏறக்குறைய நடக்காத காரியம். குடும்பம் நிற்கும், சில சமயம் பேரினம் நிற்கும், இனம் மாறிப் போயிருக்கும். ஆகவே அழிந்ததா என்று யாராவது கேட்டால், இனமா, பேரினமா, முழுப் பிரிவே போய்விட்டதா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஒரே செடிக்கு எதுக்கு நாலு பேர் வைக்கிறாங்க? குழப்பமா இருக்கு.

மரம் ஒரு இடத்தில் கிடைக்கும், இலை ஒரு இடத்தில், பழம் இன்னொரு இடத்தில். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடைக்கும் வரைக்கும் தனித்தனிப் பெயர்தான் நேர்மை. சாஹ்னியின் புதிர்ப் பழத்துக்கு அதே இடத்தில் கிடைத்த சாஹ்னியாந்தஸ் என்ற பூதான் பூ என்று பின்னால் சேர்த்துப் பார்த்தார்கள்.

கல்லும் சிலிக்கா, பழமும் சிலிக்கா. எக்ஸ்ரேல ரெண்டும் ஒண்ணாத்தானே தெரியும்?

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பிளஸ் ஒன் மாணவி கேட்டது. அந்தச் சந்தேகம் மிகச் சரி, இந்த வேலையின் பெரிய தலைவலியே அதுதான். எக்ஸ்ரேயை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்துத்தான் சாதாரண சிடி படம் போடுகிறது. இரண்டும் ஒரே பொருள் என்றால் படம் மொத்தமும் ஒரே சாம்பல். செல்சுவரில் கொஞ்சம் கரி மிச்சமிருந்தாலோ, இரும்பு படிந்திருந்தாலோ, இடையில் காற்று வெளி இருந்தாலோ வேறுபாடு தெரியும்.

இல்லாவிட்டால் கட்ட வேறுபாடு என்ற முறை இருக்கிறது. எக்ஸ்ரேயும் ஒளி மாதிரி அலைதான், ஒரு பொருளின் விளிம்பைத் தாண்டும்போது அலை கொஞ்சம் முன்பின் ஆகும், அந்த மாற்றத்தைப் பிடித்து விளிம்பை வரைவது. இதற்குச் சின்க்ரோட்ரான் என்ற பெரிய இயந்திரத்தின் எக்ஸ்ரே மிகப் பொருத்தம். எல்ஸ மரீ ஃப்ரீஸும் அவருடைய குழுவும் சுவிட்சர்லாந்துச் சின்க்ரோட்ரானில் இப்படிக் கரியாகிப் போன மிகச் சின்ன விதைகளைப் பார்த்து 2007இல் நேச்சர் இதழில் எழுதினார்கள், அந்தக் கட்டுரைக்குப் பிறகு இந்தத் துறையே வேகம் பிடித்தது. நம் நாட்டில் இந்தூரில் இண்டஸ்-2 என்ற சின்க்ரோட்ரான் இருக்கிறது, அதிலும் படமெடுக்கத் தனி வழி உண்டு.

ஸ்கேன் தப்பா காட்டுமா?

காட்டும். கதிரில் வலு குறைந்த பகுதியைக் கல்லின் வெளிப்பக்கமே உறிஞ்சிவிடும், அதனால் ஓரம் வெளுப்பாகவும் நடு கருப்பாகவும் தெரியும். பழக்கம் இல்லாதவர் ஆகா, தடித்த பழத்தோல் என்று எழுதிவிடுவார். கண்டறியும் தகட்டில் ஒரு புள்ளி கெட்டிருந்தால் படத்தில் வட்ட வட்டமாக வளையம் வரும், அதுவும் ஏதோ அடுக்கு மாதிரியே இருக்கும். இரும்புத் தாது இருந்தால் அதைச் சுற்றி வெள்ளைக் கீற்றுகள்.

அதனால் நல்ல ஆய்வாளர்கள் ஸ்கேனை மட்டும் நம்புவதில்லை. மேலே சொன்ன விராகார்ப்பான் வேலையிலும் பழைய அறுப்புத் துண்டுகளையும் ஸ்கேனையும் சேர்த்தே பார்த்தார்கள்.

பழைய அருங்காட்சியகத்துல இருக்கிறதையெல்லாம் எதுக்கு மறுபடி ஸ்கேன் பண்றாங்க?

சில புதைபடிவங்கள் பெட்டிக்குள்ளேயே செத்துக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் இலண்டன் களிமண் பழங்கள் பிரசித்தம், எலினார் ரீடும் மார்ஜரி சாண்ட்லரும் 1933இல் பெரிய புத்தகமே எழுதினார்கள். அவை சிலிக்காவாக இல்லாமல் பைரைட்டாக, அதாவது இரும்பும் கந்தகமுமாக மாறியவை. ஈரக் காற்று பட்டால் பைரைட் கந்தக அமிலமாகி, பழம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். உதிர்வதற்குள் ஸ்கேன் எடுத்து வைத்தால் உருவமாவது மிஞ்சும்.

நசுங்கித் தட்டையான பழம்னா ஸ்கேன் உதவுமா?

குறைவாகத்தான். ஆனால் தட்டையானதிலும் அதிசயம் உண்டு. வரப்பில் முளைக்கிற சொடக்குத் தக்காளியை நெற்றியில் அடித்துச் சொடக்குப் போடுவோமே, அதே பேரினத்துப் பழம், காகித உறையும் நரம்பும் தெரிய, அர்ஜென்டினாவின் படகோனியாவில் கிடைத்தது. வயது 5 கோடியே 20 லட்சம் வருடம், 2017இல் வெளியிட்டார்கள். கத்தரி, தக்காளி, மிளகாய் இருக்கிற குடும்பம் நினைத்ததைவிட எவ்வளவு பழசு என்று அந்த ஒரு பழம் காட்டியது. உறையின் வடிவம் அவ்வளவு தெளிவு, அதை அடையாளம் காண உள்ளே போய்ப் பார்க்கும் அவசியமே இல்லை.

ஸ்கேன்லயே வயசும் தெரிஞ்சிடும்ல?

தெரியாது. வயது பாறையிலிருந்து வருகிறது. தக்காணத்தில் மேலேயும் கீழேயும் எரிமலைப் பாறை இருப்பதால், அதில் இருக்கும் கதிரியக்கத் தனிமங்களை அளந்து நடுவில் இருப்பதன் வயதைக் கணிக்கிறார்கள். கார்பன் முறை சுமார் 50,000 வருடத்தோடு சரி, பையம்பள்ளித் தானியத்துக்கு உதவும், இதற்கு உதவாது.

டிஎன்ஏ எடுத்து மறுபடி முளைக்க வைக்க முடியாதா சார்?

கல்லான பழத்தில் முடியாது. இதுவரை படிக்க முடிந்த மிகப் பழைய டிஎன்ஏ கிரீன்லாந்து மண்ணிலிருந்து வந்தது, சுமார் 20 லட்சம் வருடம். 6 கோடி எங்கே, 20 லட்சம் எங்கே.

முளைத்த கதைகள் வேறு வகை. இஸ்ரேலின் மசாடாவில் கிடைத்த சுமார் 2000 வருடத்துப் பேரீச்சங்கொட்டை ஒன்றை 2005இல் முளைக்க வைத்தார்கள். சைபீரியாவில் உறைந்த மண்ணில் அணில்கள் புதைத்து வைத்த பழத்தின் திசுவிலிருந்து, 30,000 வருடத்துக்கு முந்தைய ஒரு செடியை வளர்த்து 2012இல் வெளியிட்டார்கள். இரண்டும் கல்லாகவில்லை, உலர்ந்தும் உறைந்தும் இருந்தவை.

எங்க பையன் பாலாத்துல ஒரு கல் எடுத்துட்டு வந்தான், அச்சு அசல் மாங்கொட்டை மாதிரியே இருக்கு. என்ன பண்றது?

மாதத்துக்கு இரண்டாவது இப்படி வரும், அனுப்புங்கள், நான் சந்தோஷமாகப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஆற்றில் உருண்டு உருண்டு வழவழப்பான கூழாங்கல்லாக இருக்கும். பாறை இடுக்கில் பெரணி இலை மாதிரி கருப்பாகப் படர்ந்திருந்தால் அது மாங்கனீசு தாது கசிந்து வரைந்தது, செடி இல்லை. வெளி உருவத்தை நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒழுங்கில் இருக்கிறதா, உடைந்த இடத்தில் அடுக்கு, அறை, விதை மாதிரி ஏதாவது திரும்பத் திரும்ப வருகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

சந்தேகமாக இருந்தால் உடைக்காதீர்கள், அமிலம் ஊற்றாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து நான்கு பக்கமும் படம் எடுங்கள். எந்த இடம், ஆற்றுப் படுகையா, தோண்டிய கிணற்று மண்ணா, எவ்வளவு ஆழம் என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதி கல்லோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். வீடு கட்ட வெளியூரிலிருந்து லாரியில் வந்த ஜல்லியா என்பதையும் கண்டிப்பாக விசாரியுங்கள். திருவக்கரை மாதிரிப் பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து மட்டும் ஒரு துண்டுகூட எடுக்காதீர்கள், அங்கே பார்க்கலாம், தொடலாம், வரையலாம், அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும்.